குதிரையேற்றத்துக்கு எந்த ஹெல்மெட் வாங்குவது?

கேள்வி இதுதான்: மூன்று மாதமாக ஆங்கிலப் பாணிக் குதிரையேற்றம் பழகுகிறீர்கள். இதுவரை பயிற்சிப் பள்ளியின் சுவரில் தொங்கும் பொது ஹெல்மெட்டுகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறீர்கள். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும். வீட்டில் நல்ல சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது, அது போதாதா? போதாது என்றால் எவ்வளவு விலையில் வாங்கினால் பாதுகாப்பு? மோதும்போது தலை சுழல்வதைக் குறைக்கும் மிப்ஸ் என்ற உள்ளடுக்கு உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

சைக்கிள் ஹெல்மெட் போதாது. விலையைக் கடைசியில் பாருங்கள். மிப்ஸ் இருந்தால் நல்லதுதான். ஆனால் தலையில் ஒழுங்காக உட்காராத மிப்ஸ் ஹெல்மெட்டையும், கச்சிதமாக உட்காரும் சாதாரண ஹெல்மெட்டையும் என் முன் வைத்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். அவசரமாகக் கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு இவ்வளவு போதும். நேரம் இருக்கிறவர்கள் மேலே படியுங்கள்.

சைக்கிளிலிருந்து விழுகிறவருக்குத் தரையைத் தொட்டதோடு பெரும்பாலும் விபத்து முடிந்துவிடுகிறது. சைக்கிள் ஓரமாகக் கிடக்கும். குதிரை அப்படிக் கிடக்காது. அரை டன் எடை, நான்கு குளம்பு, அதில் இரும்பு லாடம், அதற்கும் பயம் வேறு. ஏறி உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழுகிற தலை, மணலில்தான் விழும் என்று உறுதியில்லை. தடைக்கம்பத்தின் முனையில் விழலாம், வேலியில் மோதலாம், எழுந்திருக்கும்போது குளம்பு படலாம், குதிரையே தடுமாறி மேலே சாயலாம்.

சவாரி ஹெல்மெட்டைச் சோதிக்கிற முறை இதையெல்லாம் மனத்தில் வைத்து அமைந்தது. ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற அமெரிக்கத் தரத்தில், உலோகத் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பட்டடைமேல் விழவிடுகிறார்கள். பிறகு சுமார் 1.3 மீட்டரிலிருந்து, விளிம்புள்ள இன்னொரு பட்டடைமேல் விழவிடுகிறார்கள். குளம்பின் ஓரத்துக்கும் தடையின் முனைக்கும் பதிலாக வைத்திருப்பது அந்த விளிம்பு. இரண்டு முறையும் உள்ளே இருக்கும் தலைக்குக் கிடைக்கும் அதிர்ச்சி, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்கைத் தாண்டக் கூடாது. பிரிட்டனின் பிஏஎஸ் 015 தரத்தில் இதற்கு மேல், கூரான பொருளால் குத்திப் பார்ப்பதும் பக்கவாட்டில் நசுக்கிப் பார்ப்பதும் உண்டு. இந்தக் குத்தலும் நசுக்கலும் சைக்கிள் ஹெல்மெட் எழுதாத தேர்வுகள். பின்மண்டையை அது மூடுவதும் குறைவு. குதிரையிலிருந்து மல்லாந்து விழுகிறவருக்கு அந்த இடம்தான் முதலில் தரையைத் தொடுகிறது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இன்னும் கனமாயிற்றே, அது இதைவிடப் பத்திரமல்லவா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதன் கனம்தான் பிரச்சினை. குதிரையின் ஒவ்வோர் அடிக்கும் அந்த எடை கழுத்தை இழுக்கும். காதும் பக்கப் பார்வையும் பாதி அடைபடும். பின்னால் வரும் குதிரையின் மூச்சுகூடக் கேட்க வேண்டிய இடத்தில் அது உதவாது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது உள்ளே ஒட்டியிருக்கும் முத்திரை. அமெரிக்க ஹெல்மெட் என்றால் ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்ற எண்ணோடு எஸ்இஐ முத்திரையும் இருக்க வேண்டும். ஏஎஸ்டிஎம் என்பது தேர்வின் பாடத்திட்டம். எஸ்இஐ, அந்தத் தேர்வில் இந்த மாதிரி தேறியது என்று சான்று தரும் தனி அமைப்பு. "ஏஎஸ்டிஎம் தரத்துக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி, சான்றளித்தவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தியிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ஹெல்மெட் என்றால் பிஏஎஸ் 015, அதனுடன் கைட்மார்க் முத்திரை.

ஐரோப்பியத் தரத்தில் மட்டும் ஒரு சிக்கல். இஎன் 1384 என்ற பழைய தரம் போதாது என்று ஒதுக்கப்பட்டது. இடையில் 2014 டிசம்பர் தேதியிட்ட விஜி1 என்ற இடைக்காலக் குறிப்பு வந்தது. பிறகு 2017-இல் இஎன் 1384 புதுப்பிக்கப்பட்டது. எனவே அந்த எண்ணைக் கண்டவுடன் திருப்தி அடையாமல், பக்கத்தில் இருக்கும் ஆண்டையும் படியுங்கள். 2012 என்றிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஸ்னெல் என்ற அமெரிக்க அமைப்பின் முத்திரை உள்ள சவாரி ஹெல்மெட்டுகளும் உண்டு; அந்தச் சோதனை கடுமையானது, அதனால் அந்த முத்திரை வாங்கியவை எண்ணிக்கையில் குறைவு. போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், உங்கள் சங்கம் எந்தெந்தத் தரங்களை ஏற்கிறது என்று அதன் விதிப்புத்தகத்தில் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

வெல்வெட் போர்த்திய, பார்க்க அழகான வேட்டைத் தொப்பிகள் பழைய பெட்டிகளில் இன்னும் கிடைக்கின்றன. உள்ளே திருப்பிப் பார்த்தால் "அலங்காரத்துக்கு மட்டும்" என்ற பொருளில் ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். அதை நம்பி ஏறாதீர்கள். தாத்தாவின் தொப்பி என்று பாசம் இருந்தால் அலமாரியில் வையுங்கள்.

முத்திரை இருப்பவற்றுக்குள் எதை எடுப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன்.

என் முதல் ஹெல்மெட்டைக் கடையில் போட்டுப் பார்த்தபோது நெற்றியில் அழுத்தியது. "ஒரு சைஸ் பெரியது எடுங்கள், தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டால் போதும்" என்றார் கடைக்காரர். எடுத்தேன். நெற்றி வலி போயிற்று, சுகமாக இருந்தது. ஆறேழு வாரம் கழித்து குதிரை கான்டர் என்கிற நடுவேகப் பாய்ச்சலில் திடீரென்று இடப்பக்கம் வெட்டியது, நான் வலப்பக்கம் போனேன். தரையைத் தொடுவதற்கு முன்பே ஹெல்மெட் பின்னுக்குச் சரிந்துவிட்டது. பட்டை தொண்டையில் மாட்டியது. ஹெல்மெட் மூடியிருக்க வேண்டிய நெற்றி மணலில் தேய்ந்தது. மணல் மென்மையாக இருந்ததால் தோல் உரிந்ததோடு தப்பித்தேன். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அன்று அந்த ஹெல்மெட்டில் எந்தத் தர முத்திரைக்கும் குறைவில்லை.

நெற்றியில் அழுத்தியதற்குக் காரணம் அளவு சிறியது என்பதல்ல என்று பிறகுதான் புரிந்தது. என் தலை நீளவாக்கில் முட்டை வடிவம். அந்த ஹெல்மெட்டோ உள்ளே வட்டம். முட்டையை வட்டக் கிண்ணத்தில் வைத்தால் முன்னும் பின்னும் இடிக்கும், பக்கங்களில் இடைவெளி விழும். பெரிய கிண்ணம் எடுத்தால் இடிப்பது நிற்கும், ஆனால் பக்க இடைவெளி இன்னும் அகலமாகும், முட்டை உள்ளே ஆடும். வட்டத் தலைக்காரருக்கு இது நேர் எதிராக நடக்கும்: முட்டை வடிவ ஹெல்மெட் அவருடைய நெற்றிப்பொட்டுகளில் இறுக்கும், முன்னும் பின்னும் காலியாக இருக்கும், முழுதாக இறங்காமல் உச்சியில் குடம்போல் நிற்கும்.

அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, நீங்கள் உட்கார்ந்துகொண்டு, தலையை உச்சியிலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முடியைப் படிய வாரிவிட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். முடிந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தையல் டேப்பால் அளவெடுங்கள். புருவத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே, காதுகளுக்கு மேலே, பின்மண்டையில் அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி. மூன்று முறை அளந்து, அதிகமாக வந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் எந்தப் பெட்டியை முதலில் திறப்பது என்று மட்டும்தான் சொல்லும். 56 சென்டிமீட்டர் தலைகள் இரண்டுக்கு ஒரே ஹெல்மெட் பொருந்தும் என்று அதற்குப் பொருளில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் உள்வடிவம் மாறுகிறது. சில நிறுவனங்கள் ஒரே மாதிரியை வட்டம், நீள்வட்டம் என்று இரண்டு வடிவங்களில் தருகின்றன. கேட்டால்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

போட்டுப் பார்க்கும்போது சவாரிக்கு எப்படி முடி கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். கொண்டையை உள்ளே திணித்து ஒரு நாள், பின்னலைக் கீழே விட்டு இன்னொரு நாள் என்றால், ஒரே ஹெல்மெட் இரண்டு நாளும் பொருந்தாது. என் பரிந்துரை, கழுத்தோடு ஒட்டிய தாழ்வான பின்னல். உச்சிக் கொண்டை ஹெல்மெட்டைத் தூக்கிவிடும். கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டை முன்னாலிருந்து பின்னுக்கு இறக்குங்கள். விளிம்பு தரைக்கு இணையாக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நிற்க வேண்டும். நெற்றி முழுதும் தெரியும்படி பின்னுக்குத் தள்ளிப் போடுவது படத்தில் நன்றாக இருக்கும், விழும்போது உதவாது. இனிப் பட்டையைப் போடாமலே இரு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெல்ல இடவலமாகத் திருப்புங்கள். கண்ணாடியில் புருவத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் புருவமும் சேர்ந்து நகர்ந்தால் சரி. புருவம் சும்மா இருக்க ஹெல்மெட் மட்டும் வழுக்கிச் சுற்றினால் அது உங்களுடையதல்ல. அடுத்து, பட்டை இல்லாமலே குனிந்து தரையைப் பாருங்கள். கழன்று விழக் கூடாது.

பட்டை இதற்கெல்லாம் பிறகுதான். ஹெல்மெட்டைத் தலையில் பிடித்து வைக்கும் வேலை உள்வடிவத்துடையது, பட்டை காவலுக்கு. அது தாடை எலும்பின் நுனியில் அல்லாமல் தாடைக்கு அடியில், தொண்டையை ஒட்டி வர வேண்டும், ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில். கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்தால் ஹெல்மெட் உச்சியில் லேசாக அழுத்துவது தெரிய வேண்டும். பின்னால் திருகும் சக்கரம் உள்ள ஹெல்மெட்டுகளில் கவனம் தேவை. அந்தச் சக்கரம் நுண்ணிய சரிசெய்தலுக்கு மட்டுமே. இரண்டு அளவு பெரிய ஹெல்மெட்டைச் சக்கரத்தால் இறுக்கி வைத்தால், பிளாஸ்டிக் வளையம்தான் தலையைப் பிடித்திருக்கும்; மேலோடு தனியாக ஆடும்.

இதோடு முடித்துவிடாதீர்கள். கடையிலேயே பதினைந்து இருபது நிமிடம் போட்டுக்கொண்டு திரியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்றியதும் நெற்றியில் சீரான மெல்லிய தடம் இருந்தால் நல்லது. நடு நெற்றியில் மட்டும் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தால் வடிவம் பொருந்தவில்லை. அது நாள்பட நாள்பட "பழகிவிடும்" என்று சொல்வார்கள், பழகாது. உள்ளே இருக்கும் துணித் திண்டுகள் சில வாரங்களில் கொஞ்சம் அமுங்கும் என்பது உண்மை. ஆகவே புதிதில் இறுக்கமாகவே இருக்கட்டும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் குத்தும் வலி வேறு, எங்கும் சமமாக இருக்கும் இறுக்கம் வேறு.

குழந்தைகளுக்கு "வளர்கிற தலைதானே" என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி. ஹெல்மெட்டுக்கு வேண்டாம். உள்திண்டை மாற்றி அளவு கூட்டும் வகைகள் இருக்கின்றன, அவற்றைத் தேடுங்கள்.

இனி மிப்ஸ். ஹெல்மெட் சோதனைகளில் பெரும்பாலும் தலையை நேராக விழவிடுகிறார்கள். குதிரையிலிருந்து யாரும் அப்படி நேராக விழுவதில்லை. சாய்வாகப் போய் விழுகிறோம், தலை தரையில் பட்டதும் சுழல்கிறது. அந்தச் சுழற்சியில் மண்டைக்குள் மூளை திருகப்படுவதால் வரும் காயத்தைக் குறைக்க, ஸ்டாக்ஹோமில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் கேடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கியது மிப்ஸ். ஹெல்மெட்டுக்கும் தலைக்கும் நடுவில் வழுக்கும் தன்மையுள்ள மெல்லிய அடுக்கு. மோதும் நொடியில் அது 10 முதல் 15 மில்லிமீட்டர் நகர்ந்து சுழற்சியின் ஒரு பகுதியை விழுங்குகிறது. இன்று சைக்கிள் ஹெல்மெட்டுகளில்தான் அந்த மஞ்சள் முத்திரையை அதிகம் பார்க்கிறோம். ஆனால் 2007-இல் மிப்ஸ் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது ஒரு குதிரையேற்ற ஹெல்மெட்டில்தான். நமக்கு முதலில் வந்த பொருள் என்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

விலை பற்றி நான் சொல்வதைவிட ஒரு சோதனைக்கூடம் சொல்வதைக் கேளுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஹெல்மெட் ஆய்வகம் 2022 டிசம்பரில் சவாரி ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு வெளியிடத் தொடங்கியது. நேர் மோதலையும் சுழற்சியையும் சேர்த்து அளந்து, ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறார்கள். விலைக்கும் நட்சத்திரத்துக்கும் தொடர்பில்லை என்பதுதான் அதில் தெரிந்தது. அதிக விலை கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் கார்பன் மேலோடு, தோல் பட்டை, மினுக்கும் கற்கள், குறைந்த எடை, நல்ல காற்றோட்டம். கடைசி இரண்டுக்கும் நான் பணம் கொடுப்பேன். வேர்த்துக் கொட்டினால் கழற்றத் தோன்றும், கழற்றிய ஹெல்மெட்டால் யாருக்கும் பயனில்லை. கற்களைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் தலைக்குப் பொருந்தும் மூன்று நான்கு மாதிரிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு அதைத் திறந்து, அவற்றில் எது மேலே இருக்கிறது என்று பாருங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஐந்து நட்சத்திர ஹெல்மெட்டை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் தலையை நுழைக்கப் பார்க்காதீர்கள்.

முன்விளிம்பு பற்றி ஒரு வார்த்தை. மைதானத்துக்குள் ட்ரெஸாஜ் (குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக்காட்டுவது), ஷோ ஜம்பிங் (தடை தாண்டுவது) பழகுகிறவருக்கு முன்விளிம்போடு கூடிய ஹெல்மெட் சரி. அது நெகிழும் விளிம்பாக இருந்தால் இன்னும் நல்லது. திறந்த வெளியில் நிலைத்தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரிக்கு மட்டும் விளிம்பில்லாத ஸ்கல் கேப் வாங்குங்கள். முகம் குப்புற விழும்போது உறுதியான விளிம்பு நெம்புகோல்போல் தரையில் ஊன்றித் தலையைப் பின்னுக்குத் தள்ளும், கழுத்து அதைத் தாங்காது. அதன்மேல் மாட்டும் பட்டுத்துணி உறையில் ஒரு மென்விளிம்பு இருக்கும், வெயிலுக்கு அது போதும். மூன்று மாதப் பயிற்சியில் உங்களுக்கு இது இப்போதைக்குத் தேவைப்படாது.

"பெரிய வீரர்கள் பட்டுத் தொப்பியோடு ஆடுகிறார்களே" என்று பழைய ட்ரெஸாஜ் படங்களைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. இப்போது ஆடுவதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடிய கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் ஹெல்மெட் இல்லாமல் பயிற்சி செய்தபோது குதிரை தன் காலிலேயே இடறி விழுந்தது. மண்டை ஓடு உடைந்து ஏறக்குறைய நான்கு வாரம் கோமாவில் இருந்தார். தடை தாண்டவில்லை, வேகமில்லை, முரட்டுக் குதிரையுமில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 2012 லண்டனில், பிரிட்டனின் ட்ரெஸாஜ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் ஹெல்மெட் அணிந்தே தங்கம் வென்றார். 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் ட்ரெஸாஜிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிவிட்டது.

பள்ளியின் பொது ஹெல்மெட்டுக்கு வருகிறேன். அதில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்று கிடைத்தாலும், அது இதுவரை எத்தனை முறை விழுந்தது என்று சுவருக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குள் அதிர்ச்சியை வாங்குவது நாம் தெர்மாகோல் என்கிற பொருளின் அடர்த்தியான வகை. ஒரு முறை நசுங்கி உயிரைக் காப்பாற்றும். நசுங்கிய இடம் மீண்டும் எழுவதில்லை. என்னிடம் சவாரி பழகிய ஒரு பெண் ட்ராட் என்கிற மெதுவோட்டத்தில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். தோளும் தலையும் மணலை ஒட்டி அடித்தன. சிரித்துக்கொண்டே எழுந்து, ஹெல்மெட்டைத் தட்டித் தூசி உதிர்த்தாள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்திண்டை உரித்து வெளிச்சத்தில் காட்டினேன். இடக் காதுக்கு மேலே, மணிமணியாக இருக்க வேண்டிய தெர்மாகோல் கட்டைவிரல் அகலத்துக்கு வழவழவென்று அமுங்கியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து முட்டை ஓட்டில் விடும் விரிசல்போல் முடி கனத்தில் ஒரு கோடு. அவள் சிரிப்பு நின்றது.

எனவே தலை அடிபட்ட விழுகைக்குப் பிறகு ஹெல்மெட்டின் ஆயுள் முடிந்தது. கைதவறிக் கல் தரையில் ஓங்கி விழுந்தாலும் அப்படியே எண்ணுங்கள். சில நிறுவனங்கள் விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுக்குப் பதிலாகப் புதியதைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. வாங்கும்போதே அதை விசாரித்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விழவே இல்லை என்றாலும் ஐந்து ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். வேர்வையும் வெயிலும் பசையையும் நுரையையும் மெல்ல அரிக்கின்றன. உற்பத்தித் தேதி உள்ளே ஒட்டியிருக்கும். கடையில் தள்ளுபடி விலையில் வைத்திருப்பது மூன்று வருடம் கிடந்த சரக்கா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தின்னர், பெட்ரோல் போன்றவற்றால் துடைக்காதீர்கள். ஈரத் துணியும் கொஞ்சம் சோப்பும் போதும். பழையதை யாரிடமிருந்தும் வாங்க வேண்டாம், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும். அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல, அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தப் பெண்ணின் ஹெல்மெட்டைக் குப்பையில் போடும் முன் கத்தரிக்கோல் எடுத்து அதன் பட்டைகளை இரண்டு பக்கமும் வெட்டினேன். வெளியே புதிதுபோல் பளபளத்தது; யாராவது எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார்கள். உங்களுடையதற்கும் அந்த நாள் வந்தால் அப்படியே செய்யுங்கள்.